மணப்பெண் காரில் ஆயில் இல்லை

போன வாரச் சண்டையில் ஜெயித்தது நான்தான்.

எங்கள் மலைப்பக்கத்துக் கல்யாணங்களில், மணப்பெண்ணை அவள் வீட்டிலிருந்து அழைத்து வந்து தேவாலயத்தில் மாப்பிள்ளை கையில் ஒப்படைக்கும்வரை, மாப்பிள்ளையின் தம்பி அவளை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. காவல் மைத்துனன் என்று பெயர். என் அண்ணன் உரோஷுக்குத் தம்பி கிடையாது. தங்கை நான் இருக்கிறேன், துன்யா, இருபத்து நாலு வயது, இரண்டு கை, ஒரு வாய். "பொம்பளைப் பிள்ளை எப்படிக் காவல் இருக்கும்?" என்று கேட்ட பெரியப்பா, சித்தப்பா எல்லாரையும் ஒரு வாரம் விடாமல் கத்தியே ஓய வைத்தேன்.

இன்னொன்றும் போன வாரம் முடிவானது. கல்யாணப் பரிசாக அப்பா தன் காரையே அண்ணனுக்குக் கொடுக்கிறார். டிசம்பர் ஒன்றாம் தேதி, வரும் வியாழக்கிழமை, அண்ணனுக்கு ஈவானிட்சா மர ஆலையில் வேலை ஆரம்பம். எங்கள் ஊரிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. முதல் பஸ் எட்டு மணிக்கு. கார் இருந்தால் அண்ணனும் அண்ணியும் இங்கேயே இருப்பார்கள். கார் இல்லையென்றால் அண்ணியின் மாமா ஸ்லோவேனியாவில் பிடித்து வைத்திருக்கும் வேலைக்கு இந்த வாரமே பஸ் ஏறிவிடுவார்கள்.

என் அப்பா மிலிசாவ், வாயைத் திறந்து "போகாதேடா" என்று சொல்கிற ஆள் இல்லை. சாவியை எடுத்து நீட்டுகிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பெண் வீட்டிலிருந்து கிளம்பினோம். இருபத்து மூன்று கார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன். முதல் காரில் கொடிக்காரனும் கல்யாணக் கோமாளியும். நடுவில் காகித ரோஜா ஒட்டிய அப்பாவின் கார். பின் சீட்டில் யாகோதா அண்ணி, பக்கத்தில் காவலாக நான்.

வரும்போது ஆற்றங்கரைச் சாலையில் வந்தோம். சமதளம், அழகான தார் ரோடு. ஆனால் கல்யாண ஊர்வலம் வந்த வழியே திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அதனால் திரும்பும்போது மலை ஏறிக் கணவாய் வழியாகப் போக வேண்டும். பதினெட்டு வளைவு.

மூன்றாவது வளைவில் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று கண் சிமிட்டியது.

"அப்பா, ஆயில் லைட் எரியுது."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுதான் ஓட்டறியா?"

கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அது என்ன பார்வை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "வளைவுல எரியும். நேரா போனா அணைஞ்சிடும்," என்றார்.

"எங்க ட்ராக்டர்ல லைட்டே கிடையாது மாமா," என்றாள் அண்ணி, தலைத்துணியைச் சரி செய்தபடி. "உள்ள சத்தம் கேட்டா எங்கப்பா நிறுத்துவாரு. கேக்கலேன்னா ஓட்டுவாரு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் கேட்டது. முதலில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் டிக். ஒன்பதாவது வளைவில் விளக்கு அணைவதை நிறுத்திவிட்டது. பதினோராவது வளைவில், உள்ளே பூட்டி வைத்த ஆள் சுத்தியலால் கதவைத் தட்டுகிற மாதிரி டொக், டொக், டொக்.

"நிறுத்துப்பா!"

"மணப்பொண்ணு கார் நடுவழியில நிக்கக் கூடாது."

"இது இப்ப நிக்காட்டி இனிமே எப்பவும் ஓடாது. நிறுத்து!"

"நாலு கிலோமீட்டர்தான்டி இருக்கு."

"நாலு நிமிஷம்கூடத் தாங்காது!"

அவர் பற்களைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து சாவியை ஒரு பல் திருப்பி அணைத்தேன். "கியரை எடு. ஓரமா விடு. பிரேக் கடினமா இருக்கும், அழுத்தி மிதி."

கார் சரளைக்கல்லில் உரசி நின்றது. அப்பா கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"காவல்னா இதுதான் காவல்," என்றாள் அண்ணி.

முன்னால் போன பத்து கார்களும் ஹாரன் சத்தத்தில் எதையும் கவனிக்காமல் மலையைத் தாண்டிப் போய்விட்டன. அதில் ஒன்றில்தான் அண்ணன். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தி இறங்கினார்கள். கோட்டுப் பையில் ரோஸ்மேரி கொத்துக் குத்திய பன்னிரண்டு ஆண்கள், கையில் ராக்கியாச் சாராயப் பாட்டில்கள், பானெட்டைச் சுற்றி. ஆள் செத்த வீட்டில்கூட இவ்வளவு கவலையாக யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

"பெட்ரோல் பம்பு," என்றார் ஒருவர்.

"பேட்டரி," என்றார் இன்னொருவர்.

"கண்ணு பட்டிருக்கு," என்றார் மூன்றாமவர், பாட்டிலை அப்பாவிடம் நீட்டியபடி. ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது என்று அப்பா தள்ளிவிட்டார்.

நான் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினேன். என் கைக்குட்டையில் துடைத்தேன், மறுபடி விட்டு உருவினேன். கைக்குட்டை காலையில் இஸ்திரி போட்ட வெள்ளையாகவே இருந்தது.

மாப்பிள்ளைத் தோழர் ப்ளாகோயே அதை எட்டிப் பார்த்தார். ஊரில் எல்லா விஷயத்திலும் முதல் கருத்து அவருடையதுதான். "என்ன மிலிசாவ், ஒரு சொட்டு இல்ல! ஆயில் பாக்க மாட்டியாய்யா?"

"மறந்துட்டேன்," என்றார் அப்பா.

என் அப்பா மறப்பதா! பத்து வருஷத்துக்கு முன்னால் எந்தத் தேதியில் முதல் பனி விழுந்தது, அன்று எந்தப் பசு கன்று போட்டது, கன்றுக்குக் காதில் என்ன நிறம் என்று சொல்கிறவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறந்துட்டியா? பையனோட பொழப்பே இந்த கார்லதான் இருக்கு, அதுல மறந்துட்டியா? இந்த வீட்டுல அஞ்சு வருஷம் மெக்கானிகல் படிச்சிட்டு ஒருத்தி உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் இந்தக் குடும்பத்துல எவனும் காலேஜ் வாசலை மிதிச்சதில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா கௌரவம் குறைஞ்சிடுமா?"

பன்னிரண்டு ஆண்களும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். அப்பா மறுபடி அதே பார்வை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சரி. இப்ப கேக்கறேன். சொல்லு இன்ஜினியர், என்ன பண்ணலாம்?"

எல்லார் எதிரிலும். கிண்டல் இல்லாமல்.

ப்ளாகோயே தன் காரிலிருந்து இரண்டு லிட்டர் ஆயில் டப்பாவை எடுத்து வந்தார். "இதுல என்ன கேக்க இருக்கு? ஊத்து, ஸ்டார்ட் பண்ணு, கிளம்பு. பாதிரியார் ரெண்டு மணிக்கு இன்னொரு கல்யாணம் வெச்சிருக்காரு. நாளைக்கு நோன்பு ஆரம்பம், அதுல கல்யாணம் கிடையாது. இன்னைக்கு விட்டா ஜனவரி."

"ஊத்தலாம் மாமா. ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"ஊத்தறதே ஸ்டார்ட் பண்ணத்தான்!"

ஆயிலை ஊற்றினேன். பெரிய ஸ்பேனர் ஒன்றை வாங்கி, கவுன் மாதிரி இருந்த என் கல்யாண உடுப்போடு குனிந்து, இன்ஜின் ஓரத்தில் பெல்ட் ஓடுகிற சக்கரத்தின் போல்ட்டில் மாட்டி இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. இறுகிப் போகவில்லை. ஆனால் ஒரு இடத்தில் லேசாக ஒரு ஆட்டம், ஆடுகிற பல்லை நாக்கு தொட்டால் தெரியுமே, அது மாதிரி.

"உள்ள பேரிங் ஒண்ணு போயிருக்கு. இன்னும் சீஸ் ஆகி இறுகல. இப்ப ஸ்டார்ட் பண்ணா பிஸ்டன் கம்பி இன்ஜினைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும்."

"இதெல்லாம் புத்தகத்துல போட்டிருக்கா?" என்று சிரித்தார் ப்ளாகோயே.

"போட்டிருக்கு மாமா. உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா உங்க கார்ல ஆயிலை இறக்கிட்டு அஞ்சு கிலோமீட்டர் போய்ப் பாருங்க. நான் பின்னாடியே இரும்பு பொறுக்கிட்டு வரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ப்ளாகோயே தன் காரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த கேள்வி மணப்பெண். வேறு காரில் ஏற்றலாமா? தாய் வீட்டு வாசலைத் தாண்டிய கால் தேவாலய வாசலில்தான் தரையைத் தொட வேண்டும் என்று பின் காரில் வந்த சித்தி கூவினாள். அண்ணி ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினாள்.

"நான் இங்க இறங்கினேன்னா எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. கயிறு போட்டு இழுங்க. எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல."

கயிறு இருந்தது. கணவாய் உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர், அப்புறம் மூன்று கிலோமீட்டர் இறக்கம். ஏறும்போது இழுத்தால் போதும். இறங்கும்போது? இன்ஜின் அணைந்த கார், பிரேக் கல் மாதிரி. முன் காரின் முதுகில் போய் முட்டும்.

"முன்னாடி ஒரு கார், பின்னாடி ஒரு கார்," என்றேன். "முன்னாடி இருக்கறவர் இழுக்கணும். பின்னாடி கயிறு கட்டி இருக்கறவர் இறக்கத்துல பிடிச்சு நிறுத்தணும். நாய்க்குட்டியைப் பிடிக்கிற மாதிரி. ரெண்டு கயிறும் எப்பவும் விறைப்பா இருக்கணும்."

"இது எந்த ஊர் வழக்கம்?" என்றார் ஒருவர்.

"இது ஊர் வழக்கம் இல்ல. புவியீர்ப்பு."

முன்னால் ப்ளாகோயே. பின்னால் யாரோ ஒரு மாமா. அப்பா ஸ்டியரிங்கில். நான் பின் சீட்டில், ஒவ்வொரு வளைவிலும் கத்தியபடி: "விறைப்பு! விறைப்பு! பின்னாடி விடாதீங்க!" அண்ணி தன் பூங்கொத்தை ஜன்னல் வழியாக ஆட்டி, எதிரே வந்த பால் வண்டிக்காரனுக்கு வணக்கம் சொன்னாள். அவன் தொப்பியை எடுத்து, வாயைப் பிளந்து நின்றான்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு கயிற்றுக்கு நடுவில் தேவாலய முற்றத்துக்கு வந்து சேர்ந்தோம். அண்ணன் முகம் மாவு பூசிய மாதிரி இருந்தது.

"பொண்ணு ஓடிப் போகக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் கட்டிட்டாங்கடா டேய்!" என்று கத்தினார் கோமாளி ஜிவோயின். கழுத்தில் சிவப்பு மிளகாய் மாலை, தோளில் ஆட்டுத் தோல், கையில் மாட்டு மணி. கல்யாணத்தில் கோமாளி யாரைப் பற்றி என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மற்ற நாட்களில் ஜிவோயின் எங்கள் ஊர் மெக்கானிக்.

அண்ணியின் கையை அண்ணன் கையில் வைத்தேன். "இந்தா. ஒரு கீறல் இல்லாம ஒப்படைச்சிட்டேன். வண்டியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தபடியே கல்யாணக் கிரீடங்களை மணமக்கள் தலையில் வைத்தார். ஜெபங்கள் சாதாரணமாக ஆகும் நேரத்தில் முக்கால்வாசியில் முடிந்தன. கல்யாணம் ஆகிவிட்டது.

விருந்து மண்டபத்து முற்றத்துக்கு காரைத் தள்ளிக்கொண்டு போனோம். சூப் வருவதற்குள் ஜிவோயின் மிளகாய் மாலையோடு காருக்கு அடியில் போனார். ஆட்டுத் தோலை விரித்து அதன் மேல் மல்லாந்து படுத்திருந்தார். "ஒரு தட்டு குடுங்கடா!" என்று கத்தினார். பணியாள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கொண்டு வந்தான். அதில் ஆயிலை இறக்கி, வெயிலில் சாய்த்துக் காட்டினார்.

ஆயிலுக்குள் பொடி பொடியாக மினுக்கியது. திருவிழாவில் முகத்தில் பூசிக்கொள்கிற ஜிகினா மாதிரி.

"பாத்தியா இன்ஜினியர்?"

"பேரிங் உலோகம்."

"அதேதான். நல்ல வேளை, சரியான நேரத்துல எவனோ அணைச்சிருக்கான்."

"எவனோ இல்ல. நான்."

"சரி, எவளோ. உள்ள கிராங்க் தண்டுல கோடு விழலேன்னா புது பேரிங் போட்டு ஒப்பேத்திடலாம். கோடு விழுந்திருந்தா தண்டைக் கழட்டி சாச்சாக் பட்டறைக்கு அனுப்பித் தேய்ச்சு வாங்கணும். அவன் வரிசையில நிக்க வெப்பான். ரெண்டு வாரம்." சட்டைக் கையால் தட்டின் விளிம்பைத் துடைத்தார். "இவ்வளவு மினுக்கினா கோடு விழாம இருக்காது. இதே மாடல்ல வேற இன்ஜின் கிடைச்சா ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போதும், மாத்திடுவேன். எங்க கிடைக்கும்?"

வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். ஸ்லோவேனியாவில் இருக்கும் மாமா அதே முற்றத்தில் சிகரெட் பிடித்தபடி நின்றிருந்தார். "பஸ்ஸுல இன்னும் ரெண்டு சீட் இருக்கு," என்றார் ஆறுதலாக. அப்பா அதைக் கேட்டுவிட்டு கார்க் கதவில் ஒட்டியிருந்த ரோஜாக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேராக மண்டபத்துச் சமையலறைக்குப் போனேன். என் அம்மா ஸ்லாவ்கா, சமையல்காரிகளை நம்பாமல், முட்டைக்கோஸ் சுருட்டல் அண்டாவை அவளே கிளறிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா உன் புருஷன் பண்ணின வேலையை? லைட் எரியறது தெரியுமாம். மறந்துட்டாராம். ஒரு வார்த்தை என்கிட்ட..."

அம்மா கரண்டியை வைத்தாள். அவள் கரண்டியை வைப்பது வருஷத்துக்கு இரண்டு தடவைதான்.

"கேட்டாருடி."

"என்ன கேட்டாரு?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி. உன் கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள். என் போன்லதான் பேசினாரு, நான் பக்கத்துல நின்னேன். 'துன்யா, வளைவுல திரும்பினா மட்டும் ஆயில் லைட் எரியுது, என்ன பண்ண'ன்னு கேட்டாரு. நீ என்ன சொன்ன? 'அது சென்சார்ப்பா, பழைய கார்னா அப்படித்தான், என்னைப் படிக்க விடு'ன்னு சொல்லிட்டு வெச்சிட்ட."

நினைவு வந்தது. மேசை முழுக்கக் காகிதம், ஆறிப்போன காபி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். வளைவுல திரும்பினா மட்டும். வளைவில் திரும்பும்போது மிச்சம் இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்பு காற்றை உறிஞ்சும், விளக்கு எரியும். முதல் வருஷப் பையன் தூக்கத்தில் சொல்வான். நான் ஐந்தாம் வருஷம்.

"ஆயில் கம்பியை உருவிப் பாருங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொன்னாரு," என்றாள் அம்மா. "'எதுக்கு? என் பொண்ணு இன்ஜினியர், அவ சொல்லிட்டா'ன்னு பானெட்டை மூடிட்டாரு. காபிக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தாரு. உன் வாயால வந்த ஒரு வார்த்தையை இந்த மனுஷன் மெடல் மாதிரி குத்திக்கிட்டு அலைஞ்சாருடி." கரண்டியை மறுபடி எடுத்தாள். "இப்ப தட்டை எடுத்துட்டுப் போ. ஆறுது."

என் சொல்லை இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை என்று ஐந்து வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தவள் நான். கேட்ட ஒரே ஒரு தடவை இது.

தட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனபோது பரிசு அறிவிக்கும் நேரம். ஒவ்வொருவராக மேசை முன் வந்து நிற்க, கோமாளி அவர்கள் பரிசைக் கூவிச் சொல்ல, அக்கார்டியன்காரன் ஒரு சின்ன ராகம் வாசிப்பான். போர்வை, வாஷிங் மெஷின், ஒரு கன்றுக்குட்டி. இப்போது அப்பா நின்றிருந்தார்.

மாட்டு மணி அடித்தது. "மாப்பிள்ளையோட அப்பா மிலிசாவ், தன் ஒரே பையனுக்கு ஒரு கார் குடுக்கறாரு!" கை தட்டினார்கள். "கார்ல நாலு சக்கரம் இருக்கு, அஞ்சு கதவு இருக்கு, ஸ்டியரிங் இருக்கு. இன்ஜின் மட்டும் அவங்கவங்க கொண்டு வரணும்! ஆயில் ஊத்தணும்னு ஐயாவுக்கு மறந்து போச்சாம்! நாளைக்குக் கல்யாணம் ஆனதையும் மறந்துட்டு எனக்குப் பொண்ணு பாருங்கன்னு வருவாரு, சூதானமா இருங்க!"

மண்டபம் அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார். "வயசாச்சு, என்ன பண்றது," என்றார். காது நுனி மட்டும் சிவந்திருந்தது.

தட்டை மேசையில் வைத்தேன். நேராகப் போய் ஜிவோயின் கையிலிருந்து மணியைப் பிடுங்கி அடித்தேன்.

"அவர் மறக்கல. என்கிட்ட போன்ல கேட்டாரு. அது சென்சார், விடுன்னு நான்தான் சொன்னேன். கம்பியை உருவிப் பாருன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்ல. இன்னைக்கு மலையில பன்னிரண்டு பேர் முன்னாடி அவரைத் திட்டினேன். அப்பவும் அவர் வாயைத் திறக்கல. இன்ஜினைக் கெடுத்தது நான்."

அக்கார்டியன்காரன் பாவம், எந்த ராகம் வாசிப்பது என்று தெரியாமல் விரலைத் தூக்கியபடி நின்றான்.

ஜிவோயின் மிளகாய் மாலையைச் சரி செய்தார். "அஞ்சு வருஷம் படிச்சு ஒரே ஒரு இன்ஜினைத்தான் கொன்னியா? நான் படிக்காமலே நாப்பது கொன்னிருக்கேன்! இதுல ரெண்டு இந்த மேசையில உக்காந்திருக்கறவங்களோடது!"

"மூணு!" என்று கத்தினார் ப்ளாகோயே.

சிரிப்பு வெடித்தது. அக்கார்டியன்காரன் நிம்மதியாக வாசிக்க ஆரம்பித்தான். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனார். இன்று முழுவதிலும் அவர் முகத்தில் கோபத்தை அப்போதுதான் பார்த்தேன்.

"உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னா?"

"பொய் சொன்னது நீ."

"எனக்கு அறுபத்தொரு வயசு. மறதிக்காரன்னு பேர் வந்தா எனக்கு என்ன? என்னை யாரு வேலைக்குக் கூப்பிடப் போறா? நீ வேலை தேடற பொண்ணு. இந்த ஊர் வாய் ஈவானிட்சா வரைக்கும் நீளும்."

"நீளட்டும். நீ எதுக்குப்பா நான் சொன்னதை அப்படியே கேட்ட? ஒரு தடவை எதிர்த்துப் பேசியிருக்கலாமில்ல? மத்த எல்லாத்துக்கும் பேசுவியே!"

"தெரிஞ்சவ சொன்னா கேட்டுக்கணும்னு நீதானே கத்துவ?"

மூக்கை உறிஞ்சினேன். அப்பா பையில் தேடி, பிய்த்தெடுத்த காகித ரோஜா ஒன்றை நீட்டினார், துடைத்துக்கொள்ள. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது மண்டபத்துப் பின் கதவு திறந்து, கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி அண்ணி வந்தாள். கையில் கடித்த கோழிக்கால்.

"அழுது முடிச்சாச்சா? கேளுங்க. எங்க வீட்டு ஷெட்டுல இதே மாடல் கார் ஒண்ணு கிடக்கு. செத்துப் போன எங்க பெரியப்பாவோடது. பின்பக்கத்துல மரக்கட்டை சரிஞ்சு நசுங்கிடுச்சு, முன்பக்கத்துல ஒரு கீறல் இல்ல. இப்ப அதுக்குள்ள கோழிங்க முட்டையிடுது."

"உங்கப்பாகிட்ட கேக்கலாமே," என்றேன்.

"பத்து பேர் கேட்டாச்சு. தர மாட்டாரு. அண்ணன் ஞாபகம்ங்கறாரு. உள்ள அவர் ஆட்டத்துல இருக்காரு, இப்ப கேட்டாலும் அதேதான் சொல்வாரு." கோழிக்காலை அப்பா பக்கம் நீட்டினாள். "கேக்காதீங்க மாமா. திருடுங்க."

"என்னம்மா இது!"

"கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுல எதைத் திருடினாலும் கோவிக்கக் கூடாது. சேவல் திருடுவாங்க, கரண்டி திருடுவாங்க. கார் திருடக் கூடாதுன்னு எவனும் சொல்லல. ஆனா இன்னைக்கு மட்டும்தான். நான் அந்த வீட்டுக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் போகக் கூடாது. நீங்கதான் போகணும். ப்ளாகோயே மாமா வண்டியில கயிறு இருக்கு, சாவி அதுலயே தொங்குது." அண்ணி குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு ஸ்லோவேனியா போக இஷ்டமில்ல மாமா. உரோஷுக்கும் இல்ல. யாரும் கேக்கல, அதான் சொல்லல."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். மணி மூன்றுதான். மலை மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது.

அப்பா கோழிக்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. அந்த இன்ஜின் நல்லா இருக்குமா?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முன்பக்கம் அடிபடல, மழை படல, கண்டிப்பா நல்லா இருக்கும்ப்பா. போனில் சொன்ன அதே வேகம், அதே தோரணை. விழுங்கினேன்.

"தெரியலப்பா. உருவிப் பாத்து, கையால சுத்திப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. காபிக்கடை வரை போய்ச் சொன்ன இன்ஜினியர் பட்டத்தைவிட இந்தப் பதில் அவருக்குப் பிடித்த மாதிரி இருந்தது. கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப வா. பாத்துட்டு வரலாம்."

இரண்டு பேரும் ஜன்னல்களுக்குக் கீழே குனிந்தபடி, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு ப்ளாகோயேயின் வண்டிக்கு வந்தோம். சாவி அண்ணி சொன்ன இடத்தில்தான் தொங்கியது. அப்பா சத்தமில்லாமல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

பின் சீட்டில், ஜன்னலை இறக்கிவிட்டு, மடியில் பாட்டிலோடு, டையைத் தளர்த்திவிட்டு சம்பந்தி விதோமிர் உட்கார்ந்திருந்தார். அண்ணியின் அப்பா.

"உள்ள ஒரே புழுக்கம்," என்றார். "எங்க கிளம்பிட்டீங்க சம்பந்தி? எங்க வீட்டுப் பக்கமா? ஏறுங்க, நானும் வரேன். கோழிங்களுக்குத் தீனி வெக்கணும்."